காதுக்கு எட்டிய வழக்கு

2018 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் தன் கைபேசியில் ஒரு பதிவைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். ஒரு பெண்ணின் குரல். ஆசிரியைக்கே உரிய கனிவோடும் கண்டிப்போடும் மாணவிகளிடம் பேசுகிற குரல். மதிப்பெண், பணம், மேலிடம் என்று பேச்சு போகப்போக, அந்தக் கனிவு எதற்கான கனிவு என்று புரிந்து வயிற்றைப் பிசைந்தது. பேருந்தில் யாரும் "சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநரும் நின்று கேட்டார். இறங்கும்போது ஒருவர் என் விடைத்தாள் கட்டைப் பார்த்து, "மேடம் எந்தக் காலேஜு?" என்றார். அதற்கு முன் ஆயிரம் தடவை கேட்கப்பட்ட கேள்விதான். அன்றைக்கு அதன் தொனி வேறாக இருந்தது.

அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை பேசிய அந்த ஒலிப்பதிவைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அன்றே அவர் கைதானார். ஆளுநர் பன்வாரிலால் புரோகித், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்தானத்தைக் கொண்டு ஒரு நபர் விசாரணைக் குழு அமைத்தார். மறுநாள் ஆளுநர் மாளிகையில் செய்தியாளர்களைச் சந்தித்து, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்று மறுத்தார். அதே சந்திப்பின் முடிவில், கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தைத் தட்டினார். எதிர்ப்பு எழுந்த பிறகு, பேத்தியாக எண்ணித் தட்டியதாகச் சொல்லி மன்னிப்புக் கடிதம் எழுதினார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மகிளா நீதிமன்றத்துக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஆண்டாள் ஊரில்தான். எங்கள் பக்கத்தில் "கோர்ட்டுக்குப் போறேன்" என்றால் வில்லிபுத்தூருக்குப் போவதாகவே பொருள்.

ஆறு வருடம் அந்த வழக்கு நடந்தது. ஒலிப்பதிவைக் கேட்ட அத்தனை காதுகளில் எத்தனை காதுகளுக்கு விசாரணை எட்டியது? வாய்தா தேதிகள் எட்டின. அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு என்ன உடுத்தி வந்தார், முடியை என்ன செய்திருந்தார், வராந்தாவில் எப்படி உட்கார்ந்தார் என்பதெல்லாம் எட்டியது. 2024 ஏப்ரல் 30 அன்று அவருக்குப் பத்தாண்டு சிறையும் 2.42 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. உடன் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆண்கள் இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். மறுவாரம் முதுகலை மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மூணு பேரு மேல கேஸு. ஒருத்தருக்குப் பத்து வருஷம், ரெண்டு பேருக்கு ஒண்ணுமில்ல. ஏன் மேடம்?"

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றேன். "அது தெரியும் மேடம், எது நிரூபிக்கப்படல?" என்றாள். நான் முனைவர் பட்டம் வாங்கியவள். தினம் மூன்று நாளிதழ் படிப்பவள். நீதிமன்ற வாசலை வாரத்தில் ஐந்து நாள் கடப்பவள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் கேட்டதற்கு விடை தேடத்தான் இதை எழுதத் தொடங்கினேன். கிடைத்தது வேறொன்று. விசாரணை நடக்கும் அறைக்குள் இல்லாதவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வது யார் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இப்போது பாட்காஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறதே, கைவேலையாக இருக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பது, அதுவும் அந்த வரலாற்றின் பிள்ளைதான்.

தமிழில் 'கேள்வி' என்றால் கேட்பதும் கேட்கப்படுவதும். திருக்குறளில் கல்லாமைக்கு அடுத்த அதிகாரம் கேள்வி. அங்கே அது செவிச்செல்வம். வகுப்பறையில் அதே சொல் வினா. 'விசாரணை' இன்னும் விசித்திரமான சொல். "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு" என்றால் அன்பு. "ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க" என்றால் வயிறு கலங்கும். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் விசாரிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

நம் இலக்கியத்தின் பெரிய வழக்கு மதுரையில் நடந்தது. கோவலனுக்கு விசாரணையே கிடையாது. பொற்கொல்லன் சொன்னான், அரசன் ஆணையிட்டான், வாள் இறங்கியது. விசாரணையைக் கேட்டு வாங்கியவள் கண்ணகி. வழக்குரை காதையை நடத்தும்போதெல்லாம் நான் வாயிலோனிடம் கொஞ்சம் நிற்பேன். கண்ணகி பேசுவதற்கு முன்பே அவளைப் பற்றி அரசனிடம் பேசிவிடுகிறவன் அவன். கொற்றவையோ காளியோ என்று ஒவ்வொரு பெயராக எடுத்து, அவள் அல்லள் அவள் அல்லள் என்று மறுத்து, கடைசியில் கையில் சிலம்போடு கணவனை இழந்தவள் என்கிறான். அவன் வாய் வழியாகத்தான் அவள் உள்ளே நுழைகிறாள். பதிகத்தின்படி இளங்கோவடிகளுக்கே இந்தக் கதை நேராகக் கிடைக்கவில்லை. குன்றக் குறவர் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள்; நடந்தது என்ன என்று விளக்கியவர் சாத்தனார். கண்டவர் ஒருவர், விளக்கியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். வழக்கு எப்போதுமே இப்படி மூன்று கை மாறித்தான் வருகிறது போலும்.

அச்சு வந்த பிறகு விளக்கும் வேலையைக் கொலைச்சிந்து எடுத்துக்கொண்டது. மலிவுத்தாளில் சில பக்கங்கள். சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் ஒருவர் பாடுவார், கூட்டம் நின்று கேட்கும், காசு கொடுத்து வாங்கிப் போகும். யார் கொன்றது, எப்படிப் பிடிபட்டார், கோர்ட்டில் என்ன நடந்தது எல்லாம் மெட்டோடு வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழக்கு போய்ச் சேர்ந்தது என்பதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் வழக்கில் ஒரு பெண் இருந்துவிட்டால் பாட்டுக்குப் புத்தி சொல்லும் ஆசை வந்துவிடும்.

1952இல் சென்னையில் நடந்த ஆளவந்தார் கொலை எங்கள் தென்பக்கத்துக்கும் வந்த வழக்கு. தலையில்லாத உடல் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தேவகியும் அவர் கணவர் பிரபாகர மேனனும் கைதானார்கள். நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் மேனனுக்கு ஏழாண்டும் தேவகிக்கு மூன்றாண்டும் தண்டனை விதித்தார். ஒரு கொலை வழக்குக்கு இவ்வளவு குறைந்த தண்டனை ஏன் என்பதுதான் அந்த விசாரணையின் உயிரான கேள்வி. கொல்லப்பட்டவன் தேவகியிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. வில்லிபுத்தூரில் எங்கள் பாட்டி வழியாக என் அம்மாவுக்கு வந்து சேர்ந்த ஆளவந்தார் கதையில் பெட்டி உண்டு, தலை உண்டு, ராயபுரம் கடற்கரை உண்டு, "பொம்பளையால வந்த வினை" உண்டு. ஏழும் மூன்றும் இல்லை.

பிறகு தினத்தந்தி. 1942இல் மதுரையில் தொடங்கிய அந்த நாளிதழை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். வக்கீல் கேள்வி, சாட்சி பதில் என்று நாடகம் போலவே அச்சடித்திருப்பார்கள். தமிழ்நாட்டு ஆண்கள் சட்டம் படித்தது அந்தப் பெஞ்சில்தான். அந்தப் பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. ராஜபாளையத்தில் இன்றைக்கும் நான் தனியாக ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து குடித்ததில்லை, பார்சல்தான். டீக்கடையில் படிக்கப்பட்டது குழாயடிக்கு வரும்போது கேள்வி பதில் எல்லாம் உதிர்ந்து தீர்ப்பு மட்டும் மிச்சமிருக்கும். அந்தத் தீர்ப்பும் நீதிபதியுடையதாக இருக்காது, படித்துக் காட்டியவருடையதாக இருக்கும்.

என் அத்தை ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தார். ஸ்பின்னிங் சத்தத்தில் பேச்சு கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அத்தை உரக்கத்தான் பேசுவார். "பொம்பளைக்கு இவ்வளவு சத்தமா" என்று மாமா அடக்குவார். சத்தத்துக்குள் வேலை செய்கிறவர்கள், அமைதி கிடைக்கும்போது குரலைக் குறைக்கச் சொல்லப்படுகிறவர்கள். இவர்களுக்கு வழக்குகளை யார் சொல்வது?

இந்த இடத்தில் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டியிருக்கிறது, அரசியல் விசாரணையைக் காதுக்கு விளக்கும் கலை வளர்ந்தது அமெரிக்காவில் என்பதால். 1973 மே 17 அன்று வாட்டர்கேட் ஊழல் குறித்த செனட் குழுவின் விசாரணை தொடங்கியது. வானொலியும் தொலைக்காட்சியும் அதை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. பகலில் வீட்டிலிருந்த பெண்கள் தொடர் நாடகங்களுக்குப் பதிலாக அதைப் பார்த்தார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், 'ஸ்லோ பர்ன்' என்ற பாட்காஸ்ட் அந்த வழக்கைத் திரும்ப எடுத்தது. முதல் பகுதியை நிக்சனில் தொடங்கவில்லை. மார்த்தா மிட்செல் என்ற பெண்ணில் தொடங்கியது.

மார்த்தாவின் கணவர் ஜான் மிட்செல், நிக்சனின் தேர்தல் பிரசாரத் தலைவர். 1972 ஜூனில், வாட்டர்கேட் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்ட அதே வாரத்தில், மார்த்தா கலிபோர்னியாவில் ஒரு விடுதியிலிருந்து செய்தியாளர் ஹெலன் தாமஸிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். காவலுக்கு இருந்தவர் தொலைபேசி இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினார். மார்த்தாவை அறையில் அடைத்து, மயக்க ஊசி போட்டார்கள். வெளியே வந்து அவர் சொன்னதையெல்லாம் குடிகாரி, பைத்தியம் என்று தள்ளினார்கள். அவர் சொன்னது உண்மை என்று 1975இல் அந்த வழக்கிலேயே தண்டனை பெற்ற மெக்கார்டு ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொல்கிறவரை மனநோயாளி என்று முத்திரை குத்துவதற்கு உளவியலில் இன்று மார்த்தாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே வெட்டப்பட்ட தொலைபேசி, இங்கே பதிவான தொலைபேசி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1991 அக்டோபரில் அனிதா ஹில் அதே செனட்டில் உட்கார்ந்தார். அவரும் கல்லூரி ஆசிரியை, சட்டப் பேராசிரியை. தனக்கு முன்பு மேலதிகாரியாக இருந்தவர், உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் போகிறவர், தன்னிடம் பேசிய ஆபாசப் பேச்சுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிரே பதினான்கு வெள்ளை ஆண்கள். நேரலையில் எல்லோரும் கேட்டார்கள். கேட்பது நேரடியாக இருந்துவிட்டால் போதும், நியாயம் தானாகப் புரியும் என்ற நம்பிக்கையை அந்த நேரலை உடைத்தது. கேள்விகளை எந்த வரிசையில், யாரை நோக்கி, எதை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள் என்று பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். 2019இல் தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட் ஸ்க்ரூட்டினி' என்ற பாட்காஸ்டில் சட்டப் பேராசிரியைகள் சேர்ந்து அதைத்தான் செய்கிறார்கள். நீதிபதி இந்தக் கேள்வியை ஏன் கேட்டார், அந்த வக்கீல் எங்கே சறுக்கினார் என்று சிரிப்பும் கோபமுமாகப் பேசுகிறார்கள். டீக்கடைப் பெஞ்சு பெண்களிடம் வந்தால் எப்படி இருக்கும் என்று அதைக் கேட்டு ஏங்கியிருக்கிறேன்.

2018 செப்டம்பர் 26, 27, 28. இந்த மூன்று நாளையும் என் மாணவிகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். 26 அன்று, முக்கிய வழக்குகளை நேரலையில் காட்டலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டு வாங்கியவர்களில் ஒருவர் வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங். 27 அன்று, தகாத உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவு ரத்தானது. அதே நாள் வாஷிங்டனில் கிறிஸ்டின் பிளாசி ஃபோர்டு, இன்னொரு நீதிபதி வேட்பாளருக்கு எதிராக, அனிதா ஹில் உட்கார்ந்த அதே குழுவின் முன் உட்கார்ந்தார். 28 அன்று சபரிமலைத் தீர்ப்பு.

497 எங்கள் ஊருக்கு எப்படி வந்தது தெரியுமா? "கள்ளக்காதல் தப்பில்லையாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு." பேருந்தில் அதே கைபேசிகள், அதே சிரிப்பு. அந்தப் பிரிவு உண்மையில் என்ன சொன்னது? கணவனின் சம்மதம் இல்லாமல் அவன் மனைவியோடு உறவுகொண்ட ஆண் குற்றவாளி. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. கணவன் வேறொருத்தியோடு போனால் அதைக் குற்றமென்று புகார் செய்ய மனைவிக்கு வழியில்லை. அதாவது மனைவி ஒரு உடைமை, களவு போனால் உடையவன் புகார் கொடுக்கலாம். நீதிமன்றம் தூக்கி எறிந்தது இந்த உடைமைக் கணக்கை. விவாகரத்துக் கேட்க அது இன்றும் ஒரு காரணம்தான். பத்து நிமிடத்தில் எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லிவிடலாம். யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மனைவியின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், "சட்டமே மாறிப்போச்சு" என்று காரணம் சொல்லி.

சபரிமலையும் அப்படித்தான். ஐந்து நீதிபதிகளில் ஒரே பெண்ணான இந்து மல்கோத்ரா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். "பொம்பளை ஜட்ஜே வேண்டாம்னுட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. மத நம்பிக்கையை நீதிமன்றம் பகுத்தறிவு கொண்டு அளக்கலாமா, பக்தர் அல்லாதவர் வழக்குப் போடலாமா என்பவை அவர் எழுப்பிய கேள்விகள். நான் அவரோடு உடன்படவில்லை. ஆனால் உடன்படாமல் இருப்பதற்கே முதலில் அவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும்.

2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் யூடியூபில் வருகின்றன. 2023 ஏப்ரல் 18இல் தொடங்கிப் பத்து நாள் நடந்த தன்பாலினத் திருமண வழக்கை நான் விடாமல் கேட்டேன். மணிக்கணக்கான ஆங்கில வாதம். கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே நடப்பது நம் மொழியில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு நேரெதிர். கீழமை நீதிமன்றத்தில் டவாலி கூப்பிடுவதிலிருந்து சாட்சி சொல்வது வரை தமிழ். ஆனால் பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்.

அந்தக் கதவை மூடச் சொன்னவர்கள் பெண்கள் இயக்கத்தினர் என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரா என்ற பழங்குடிச் சிறுமி 1972இல் காவல் நிலையத்தில் சிதைக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள், லத்திகா சர்க்காரும் வசுதா தகம்வாரும் அதில் இருவர், தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். போராட்டங்கள் மூண்டன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது; பாலியல் வன்முறை வழக்குகளை மூடிய அறையில் விசாரிப்பதும் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது குற்றம் என்பதும் அப்போது வந்தவை. பொள்ளாச்சியில் 2019இல் ஒரு பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். அவளது கதறல் ஊரெல்லாம் ஒலித்தது. பிறகு கோவை மகிளா நீதிமன்றத்தின் மூடிய அறையில் பெண்கள் துணிந்து சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை. கதவு திறந்திருந்தால் அத்தனை பேரும் கடைசிவரை நின்றிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே கதவு மூடியே இருக்கட்டும். சாட்சி சொன்ன மாணவிகளின் குரல் நமக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை வேறு: குற்றப்பத்திரிகையில் இருந்த பிரிவுகள் என்ன, ஒரு குரல்பதிவை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்க என்னென்ன வேண்டும், ஒருவர் மீது நிரூபணமானது இன்னொருவர் மீது ஏன் ஆகவில்லை. இதைச் சொல்ல எந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் வேண்டாம். மறுக்கத் தெரிந்த அந்த மாணவிகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வழக்கில் முதலில் சரியாகக் கேட்ட காதுகள் அவர்களுடையவை.

இதைப் புலம்பலாகச் சொல்லிக்கொண்டிருந்த என்னை, கேள்வி கேட்ட அதே மாணவி மடக்கினாள். "நாமளே பேசிப் போடலாமே மேடம்." வில்லிபுத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தோம். முதலில் 'முகாந்திரம்', 'ஐயத்தின் பலன்', 'பிறழ் சாட்சி' என்ற சொற்களை அவர் விளக்க, நான் எழுதிக்கொடுக்க, அவள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தன் வாய்மொழியில் சொன்னாள். அவள் சொன்னதே நன்றாக இருந்தது. தமிழ்த்துறை ஆசிரியைக்கு இது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவள் கைபேசியிலேயே பதிவு செய்தோம். பதினொரு நிமிடம். வழக்கின் பெயர் இல்லை, யார் பெயரும் இல்லை. ஒரு குற்றச்சாட்டு எப்படி நிரூபிக்கப்படுகிறது என்பது மட்டும்.

அவள் அம்மா தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார். ஒரு தையல் கூடத்தில் பன்னிரண்டு மெஷின். பதிவை அவருக்குத்தான் முதலில் அனுப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட்டு, கைபேசியை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்து, சத்தம் பெருகும்படி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மாலையில் அம்மாவிடமிருந்து மகளுக்கு ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் மெஷின்கள் மறுபடி ஓடுகிற சத்தம். அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"கேட்டோம்டி. நல்லாப் புரியுது. பக்கத்து மெஷின் அக்கா ஒண்ணு கேக்கச் சொல்றாக. போன்ல பேசுனத ரெக்கார்டு பண்ணா கோர்ட்ல எடுத்துக்கிடுவாகளாம்ல, அப்ப வீட்டுக்குள்ள பேசுறதையும் எடுத்துக்கிடுவாகளான்னு வக்கீலம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு. அவுக பேரச் சொல்ல வேணாம்னாக."